எட்டாயிரம் கிலோமீட்டர் ராகுகாலம்

ஒரு காட்டில் விமான நிலையம் இருந்தது. பெரிய காடு ஒன்றுமில்லை, வெறும் கருவேலங்காடு. புலி கிடையாது, சிங்கம் கிடையாது, ஒழுங்கான ஓர் ஆறுகூடக் கிடையாது. ஆனாலும் விமான நிலையம் இருந்தது. தேர்தல் சமயத்தில் யாரோ கேட்டார்கள், யாரோ கொடுத்துவிட்டார்கள். நாம் அதற்குள் போக வேண்டாம்.

அந்தக் காட்டில் செவியப்பன் என்று ஒரு முயல் வாழ்ந்தது. நல்ல முயல். யார் வம்புக்கும் போகாது. அருகம்புல்லைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. ஒரே ஒரு கோளாறு, நல்ல நேரம் பார்க்காமல் வளையை விட்டுத் தலையை நீட்டாது. தினசரி காலண்டரில் தாளைக் கிழிப்பதற்குக்கூட அதே காலண்டரில் நேரம் பார்த்துத்தான் கிழிக்கும். ஒருமுறை மழைத் தண்ணீர் வளைக்குள் புகுந்துவிட்டது. எமகண்டம் முடியட்டும் என்று கழுத்தளவு தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் நின்றது. முயலுக்குக் கழுத்தளவு என்றால் நமக்குக் கணுக்கால் அளவுதான். இருந்தாலும் கொள்கை கொள்கைதானே.

செவியப்பனுக்கு ஒரே தங்கை, பெயர் வெள்ளைச்சி. கடல் தாண்டிப் பனிக்காட்டில் வாக்கப்பட்டிருந்தது. ஒருநாள் போன் செய்தது.

"அண்ணே, பஞ்சுவுக்குக் காது குத்தப் போறோம். வர்ற வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலே முக்காலுக்கு மேல அஞ்சே முக்காலுக்குள்ள முகூர்த்தம். நீ வந்து மடியில உக்கார வெச்சாத்தான் குத்த முடியும்."

முயலுக்குக் காது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உடம்பில் பாதி அதுதான். அதைக் குத்தும்போது குட்டி தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். மடி இல்லையென்றால் குத்தல் இல்லை. அது அவர்கள் குல வழக்கம்.

செவியப்பனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. குட்டி குடும்பம் எதுவும் இல்லை. முயலாகப் பிறந்தும் இப்படி ஒரு நிலைமை. தங்கைக்கும் ஒரே பிள்ளை, அதை டாக்டரே நம்பவில்லை, இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். அந்தப் பஞ்சுவை இதுவரை போனில் மட்டும்தான் பார்த்திருந்தது செவியப்பன். இப்போது தூக்கி மடியில் வைக்கப் போகிறோம் என்று நினைத்ததும் அதற்குக் கண் கலங்கிவிட்டது. மடியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டது. அகலம் போதுமா என்று சந்தேகம்.

"எவ்வளவு தூரம் புள்ள?" என்று கேட்டது.

"கூப்பிடு தூரந்தாண்ணே. நீ கூப்பிட்டா நான் உடனே எடுத்துடறேனே."

செவியப்பன் டிக்கெட் வாங்க ஓணானிடம் போனது. காட்டிலேயே ஒரே பயண முகவர் ஓணான்தான். மற்ற விலங்குகளும் அந்தத் தொழிலில் இறங்கிப் பார்த்தன, நிற்கவில்லை. வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டும் பிறவி ஓணான் ஒன்றுதான். அது பதில் இல்லை, கழுத்தின் சுபாவம் என்பது யாருக்கும் தெரியாது.

"பனிக்காடு விமான நிலையம், எட்டாயிரத்து நாப்பத்து மூணு கிலோமீட்டர்" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னது ஓணான். "வெள்ளிக்கிழமை காலையில ஒம்பதரைக்கு இங்க எடுத்தா, மத்தியானம் ரெண்டு மணிக்கு அங்க இறங்கிடும்."

செவியப்பன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டது. "ஒம்பதரை, பத்தரை, பதினொன்னரை... ஆக நாலரை மணி நேரமா?"

ஓணான் தலையாட்டியது.

"எட்டாயிரம் கிலோமீட்டர் நாலரை மணி நேரத்துலயா! என்னைவிட வேகமா?"

ஓணான் மறுபடியும் தலையாட்டியது. பத்து மணி நேரப் பயணம் என்றும், பனிக்காட்டுக் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பிந்தி ஓடுகிறது என்றும் அது சொல்லியிருக்கலாம். கேட்டால்தானே சொல்வதற்கு. செவியப்பன் கேட்டது வேறு கேள்வி.

"வெள்ளிக்கிழமை பத்தரையில இருந்து பன்னெண்டு வரைக்கும் ராகுகாலம். ஒம்பதரைக்குக் கரெக்டா எடுத்துடுவாங்களா?"

ஓணான் மிக வேகமாகத் தலையாட்டியது.

வெள்ளிக்கிழமை வந்தது. செவியப்பன் எட்டு மணிக்கே விமான நிலையத்துக்குப் போய்விட்டது. கையில் சாம்பல் நிறப் பெட்டி, நாலு சக்கரம் வைத்தது. உள்ளே பஞ்சுவுக்குக் கடுக்கன், பட்டுச் சட்டை, முறுக்கு, அருகம்புல் பொடி. ஒன்பது இருபதுக்கு நல்ல ஹோரையாகப் பார்த்து, கிழக்கே பார்த்து நின்று, பெட்டியைக் கவுண்டரில் ஒப்படைத்தது. பெட்டியில் ஓர் அட்டையும் கட்டியிருந்தது. அதில் "செவியப்பன், தாய்மாமன்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

ஆனால் விமானம் ஒன்பதரைக்கு எடுக்கவில்லை. பத்துக்கும் எடுக்கவில்லை. சக்கரத்துக்குக் கீழே ஓர் எறும்புப் புற்று இருந்ததாம், எறும்புகளிடம் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்ததாம். ஒருவழியாக எறும்புகள் சம்மதித்தபோது மணி பத்து முப்பத்தொன்று. வாசலில் நின்ற மைனா, "பனிக்காடு போறவங்க எல்லாம் ஏறலாம்" என்று கூவியது.

செவியப்பன் அசையவில்லை.

"சார், நீங்க ஏறலையா?"

"ராகுகாலம்மா. பன்னெண்டு மணிக்கு ஏறிக்கறேன்."

"விமானம் பத்து முப்பத்தஞ்சுக்குப் போயிடும் சார்."

"போகட்டும்."

"உங்க பெட்டி உள்ள ஏறிடுச்சே சார்!"

வேறு ஊர்களில் ஆள் ஏறாவிட்டால் பெட்டியை இறக்கிவிடுவார்கள் என்று சொல்கிறார்கள். கருவேலங்காட்டில் சாமான் பிரிவில் இருந்தது கழுதை. அதற்கு ஏற்றுவதற்கு மட்டும்தான் பயிற்சி கொடுத்திருந்தார்கள். இறக்குவதற்கான பயிற்சி அடுத்த நிதியாண்டில்.

பெட்டி போகிறது என்றதும் செவியப்பன் பதறவில்லை. மாறாக, முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "அதான் பரஸ்தானம்!" என்று குதித்தது.

பரஸ்தானம் என்றால் என்னவென்று மைனாவுக்குத் தெரியவில்லை. உங்களில் சிலருக்கும் தெரியாமல் இருக்கலாம். நல்ல நேரத்தில் நம்மால் கிளம்ப முடியாது என்று வையுங்கள். நம் சாமான் ஒன்றை அந்த நேரத்தில் வெளியே அனுப்பி, பக்கத்து வீட்டில் வைத்துவிட வேண்டும். அதோடு நாம் பயணம் புறப்பட்டுவிட்டதாக அர்த்தம். பிறகு நாம் சாவகாசமாகக் கிளம்பலாம். எமனோ ராகுவோ வந்து கேட்டால், "அவர் அப்பவே போயிட்டாரே" என்று சொல்லிவிடலாம்.

"என் பெட்டி ஒம்பது இருபதுக்கே கிளம்பிடுச்சு. அப்ப நானும் கிளம்பிட்டேன்னு கணக்கு" என்றது செவியப்பன்.

"அப்படின்னா இப்ப ஏறலாமே சார்?"

"கிளம்பினது வேற, ஏறுறது வேறம்மா. ஏறுறதுக்குத் தனியா நேரம் பாக்கணும்."

மைனா எத்தனையோ பயணிகளைப் பார்த்திருக்கிறது. கதவைச் சாத்திவிட்டுப் போனது. பெட்டி பறந்தது. முயல் நின்றது.

அடுத்த விமானம் பன்னிரண்டு ஐந்துக்கு. ராகுகாலம் முடிந்து சரியாக ஐந்து நிமிடம். இதைவிட என்ன வேண்டும்? செவியப்பன் டிக்கெட்டை மாற்றிக்கொண்டது. நாலு முப்பத்தைந்துக்கு இறங்கும் என்று போட்டிருந்தது. நாலே முக்காலுக்கு முகூர்த்தம். விமான நிலையத்திலிருந்து தங்கை வளைக்குப் பத்தே தாவல். செவியப்பன் வலது காலை எடுத்து வைத்து ஏறியது. இந்த முறை விமானமும் நேரத்துக்கு எடுத்தது.

மேலே போன பிறகு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நாரை ஒன்று பணிப்பெண்ணாக நடந்து நடந்து காரட் கொடுத்தது. செவியப்பன் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் தலையணையை வைத்து, பஞ்சுவை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று ஒத்திகை பார்த்தது. இடது கை முதுகில், வலது கை முட்டியில். அழுதால் தட்டிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பாட்டு ஒன்றும் யோசித்து வைத்திருந்தது.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. நாரை ஒலிபெருக்கியில் அறிவித்தது. "பயணிகள் கவனத்துக்கு. நாம் இப்போது பாலைக்காட்டு எல்லைக்குள் வந்துவிட்டோம். இங்கே நேரம் பதினொன்று முப்பத்தைந்து. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துக்கொள்ளவும்."

காரட்டைக் கடிக்கப் போன செவியப்பன் அப்படியே நின்றது.

"ஏம்மா, மணி என்ன சொன்ன?"

"பதினொன்னு முப்பத்தஞ்சு சார்."

"நான் பன்னெண்டு அஞ்சுக்குல்ல கிளம்பினேன்?"

"மேற்க போறோம் சார். போகப் போக நேரம் பின்னால போகும்."

"அப்ப நான் கிளம்புறதுக்கு முன்னாடியே இங்க வந்துட்டேனா?"

"அப்படியும் சொல்லலாம் சார்."

"அப்படின்னா இப்ப ராகுகாலம்!"

நாரை நின்ற காலை மடக்கி, மடக்கிய காலில் நின்றது. 

செவியப்பனுக்கு வேர்த்துவிட்டது. வாழ்நாளில் ஒரு ராகுகாலத்தையும் அது இப்படிக் கையும் களவுமாக எதிர்கொண்டதில்லை. கருவேலங்காட்டில் முடிந்துபோன ராகுகாலம், அதற்கு முன்னால் ஓடி வந்து ஆகாயத்தில் காத்துக்கொண்டிருந்திருக்கிறது! சீட்டை விட்டுத் துள்ளி எழுந்து, "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று பஸ்ஸை நிறுத்துவது போலக் கத்தியது.

"சார், உக்காருங்க!"

"ஓரமா நிறுத்தச் சொல்லும்மா. இருபத்தஞ்சு நிமிஷந்தான். பன்னெண்டு அடிச்சதும் எடுத்துக்கலாம்."

"சார், இது ஆகாயம்."

"ஆகாயத்துல ஓரம் இல்லையா?"

பக்கத்து சீட்டு மந்தி அதுவரை தூங்கிக்கொண்டிருந்தது. "என்னாச்சு?" என்றது. ராகுகாலம் என்று தெரிந்ததும் அதுவும் எழுந்து நின்றது. பின்சீட்டுக் கீரிப்பிள்ளைகள் மாநாட்டுக்குப் போகும் அறிவியலாளர்கள். "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று சொல்லிவிட்டு, பாதுகாப்புக்காக அவர்களும் எழுந்து நின்றார்கள். பாதி விமானம் நிறுத்து என்றது, மீதி விமானம் ஓட்டு என்றது. நிறுத்து என்றவர்கள் எல்லாரும் முன்பக்கமாக ஓடியதில் விமானம் மூக்கைத் தாழ்த்தியது. விமானிக்கு வேறு வழி தெரியவில்லை. பாலைக்காட்டு விமான நிலையத்தில் இறக்கிவிட்டது.

கதவைத் திறந்த நாரை, "இறங்குங்க சார்" என்றது. குரலில் மரியாதை இருந்தது, கண்ணில் இல்லை.

"மணி என்னம்மா?"

"பதினொன்னு அம்பது."

"அப்ப இன்னும் பத்து நிமிஷம் இருந்துட்டு..."

நாரைக்கு நீளமான அலகு. அதை வைத்து ஒரே தள்ளு. செவியப்பன் ராகுகாலத்திலேயே தரையைத் தொட்டது. விமானம் மீதிப் பயணிகளோடு பறந்து போய்விட்டது.

பாலைக்காட்டில் குடியேற்ற அதிகாரி ஓர் ஒட்டகம். அது எதையும் அவசரப்பட்டு மெல்லாது. ஒரு படிவத்தை நீட்டியது. அதில் "பயணத்தின் நோக்கம்" என்று ஒரு கட்டம். செவியப்பன் "மடி" என்று எழுதியது. ஒட்டகம் அதை மூன்று மணி நேரம் படித்தது. பிறகு, "பனிக்காட்டுக்கு அடுத்த விமானம் நாளைக்குக் காலையில" என்றது.

நாளைக்கா! செவியப்பன் அங்கேயே உட்கார்ந்து அழுதது. நாம் சிரிக்கலாம், தவறில்லை. ஆனால் அது உண்மையாகவே அழுதது.

இதற்கிடையில் பனிக்காட்டில் மூன்று ஐந்துக்கு முதல் விமானம் இறங்கிவிட்டது. வெள்ளைச்சியின் வீட்டுக்காரர் மச்சானை அழைத்துப் போக வந்திருந்தது. எல்லாரும் வந்தார்கள், மச்சான் வரவில்லை. கடைசியில் பெல்ட்டில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று தனியாகச் சுற்றிச் சுற்றி வந்தது. அட்டையைப் படித்தது. "செவியப்பன், தாய்மாமன்." சரி என்று பெட்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது.

வீட்டில் ஊரே கூடியிருந்தது. பஞ்சுவுக்கு மொட்டை போட்டாகிவிட்டது. முயலுக்கு மொட்டை என்றால் தலை மட்டும் என்று நிறுத்த முடியாதில்லையா, மொத்தமாகவே போட்டிருந்தார்கள். குளிரில் பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தது. மணி ஐந்தரை. செவியப்பனிடமிருந்து போன் வந்தது.

"புள்ள, நான் பாலைக்காட்டுல மாட்டிக்கிட்டேன். நாளைக்குத்தான் வர முடியும். குத்தாதீங்க, நான் வந்துடறேன்."

"அண்ணே!" என்று வெள்ளைச்சி அழுதது. "இன்னிய விட்டா தை மாசந்தாண்ணே முகூர்த்தம். நீ எப்பண்ணே கிளம்பின?"

செவியப்பன் உள்ளதை உள்ளபடி சொன்னது. "நான் பன்னெண்டு அஞ்சுக்கு. பெட்டி ஒம்பது இருபதுக்கே பரஸ்தானமாக் கிளம்பிடுச்சு."

காது குத்த வந்திருந்தது மரங்கொத்தி ஆசாரி. கருவேலங்காட்டிலிருந்து பிழைக்கப் போன பறவை, வழக்கமெல்லாம் அத்துப்படி. அதற்கு ஆறு மணிக்கு வேறு இடத்தில் வேறு காது இருந்தது. பரஸ்தானம் என்ற சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அப்புறம் என்னம்மா யோசனை? பரஸ்தானம் கிளம்பினா ஆள் கிளம்பின மாதிரி. அப்ப பரஸ்தானம் வந்து சேந்தா?"

கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆள் வந்து சேந்த மாதிரி!" என்றார்கள்.

"மாமனைக் கொண்டாந்து மணையில உக்கார வைங்க" என்றது மரங்கொத்தி.

பெட்டியை மணையில் படுக்க வைத்தார்கள். சந்தனம் பூசினார்கள், மாலை போட்டார்கள், கைப்பிடியில் துண்டு கட்டினார்கள். வெள்ளைச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு பஞ்சுவைத் தூக்கி அதன்மேல் உட்கார வைத்தது. போனில் செவியப்பன், "ஏய், ஏய், அது பெட்டி! நான் இங்க இருக்கேன்!" என்று கத்தியது. மேளச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. டொக், டொக். இரண்டு காதும் முடிந்தது. கடுக்கன் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்ததால் ஊசியிலைக் குச்சியைச் செருகிவிட்டார்கள். பஞ்சு கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீறிட்டது. பெட்டி கொஞ்சமும் அசையவில்லை.

"எவ்வளவு பொறுமையான தாய்மாமன்!" என்று ஊரே மெச்சியது. "நம்ம பக்கத்து மாமனுங்க குத்துறதுக்கு முன்னாடியே மயங்கி விழுந்துடுவானுங்க."

மறுநாள் சனிக்கிழமை. பாலைக்காட்டிலிருந்து விமானம் ஒன்பது பத்துக்கு. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். ஒட்டகம் செவியப்பனையே பார்த்தது. செவியப்பன் ஒரு நிமிடம் நின்றது. பிறகு, "ராகுவாவது கேதுவாவது! என் மருமவன் ஒரு பெட்டி மேல உக்காந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இடது காலை எடுத்து வைத்து ஏறியது.

விமானம் சொன்ன நேரத்துக்கு எடுத்தது. சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வழியில் ஒரு குலுக்கல் இல்லை. இரண்டு காரட் கொடுத்தார்கள். ஆகவே நேரம் காலம் பார்ப்பது வீண் வேலை என்று நீங்கள் நீதியைக் குறித்துக்கொள்ளப் போகிறீர்கள். பேனாவை மூடி வையுங்கள், கதை முடியவில்லை.

வளைக்குள் நுழைந்ததும் செவியப்பன் இரண்டு கையையும் நீட்டியது. "பஞ்சு! மாமா வந்திருக்கேன்டா!"

பஞ்சு பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பிறகு பெட்டியின் பக்கம் குனிந்து, "மாமா, யாரோ வந்திருக்காங்க" என்று ரகசியமாகச் சொன்னது.

செவியப்பன் விடவில்லை. தரையில் உட்கார்ந்து மடியைத் தட்டிக் காட்டியது. முறுக்கு தருகிறேன் என்றது. முறுக்கும் பெட்டிக்குள்தான் இருந்தது. ஒத்திகை பார்த்த பாட்டைப் பாடியது. பஞ்சு வாயைப் பிளந்து அழ ஆரம்பித்தது. பெட்டியைக் கட்டிப் பிடித்த பிறகுதான் அழுகை நின்றது.

"கோவிச்சுக்காதண்ணே. பிள்ளை பழகிடுச்சு" என்றது வெள்ளைச்சி.

"ராத்திரிகூட மாமா பக்கத்துலதான் படுப்பேன்னு ஒரே அடம் மச்சான்" என்றது வீட்டுக்காரர். "நீங்க ஊருக்குப் போகும்போது அவரை விட்டுட்டுப் போயிடுங்க."

பெட்டியை "அவர்" என்றது. செவியப்பனை யாரும் இன்னும் "அவர்" என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஞ்சு சாப்பிட எழுந்து போனது. கூடத்தில் வேறு யாரும் இல்லை. செவியப்பன் காலண்டரைத் தேடவில்லை. மணி பார்க்கவில்லை. பூட்டில் எண்ணைத் திருகிப் பெட்டியைத் திறந்தது. கடுக்கன், பட்டுச் சட்டை, முறுக்கு, அருகம்புல் பொடி எல்லாவற்றையும் எடுத்து மூலையில் வைத்தது. உள்ளே இறங்கி, முட்டியை மடக்கி, இரண்டு காதையும் முதுகோடு சேர்த்துப் படிய வைத்து, மூச்சுக்குக் கொஞ்சம் இடம் விட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டது.

பஞ்சு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தது. பெட்டியின்மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. பெட்டியைத் தடவிப் பார்த்தது. பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்தியது.

"அம்மா, மாமா இன்னைக்கு வெதுவெதுன்னு இருக்காரும்மா!"

நீதி: சொந்தக்காரர் வீட்டுக்கு எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போனாலும் பயணியாகப் போகாதீர்கள், லக்கேஜாகப் போங்கள்.